இரண்டடித் தண்ணீரில் ஒரு கோடை: செசபீக்கா, பாம்லிக்கோவா, மெய்னா?

கீலை, அதாவது படகின் அடியில் தொங்கும் கனமான தகட்டை, தூக்கிவிட்டால் இரண்டடித் தண்ணீரில் மிதக்கும் 22 அடிப் பாய்மரப்படகு, அதை இழுத்துப்போக ஒரு ட்ரெய்லர், ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் முடியப் பள்ளி விடுமுறை. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு இவை மூன்றும் சேர்ந்து அமைந்துவிட்டால், எந்தக் கரைக்குப் போவது என்ற பேச்சு மார்ச் மாதமே தொடங்கிவிடும். விசாரித்தால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். வடகோடியில் உள்ள மெய்ன் மாநிலத் தீவுகளுக்கு ஒருமுறை போய்வந்தவர் வேறு எதையும் காதில் வாங்கமாட்டார். மேரிலாந்து, வர்ஜீனியா பக்கமுள்ள செசபீக் விரிகுடாவில் படகு பழகியவர், அங்கேயே ஆயுசுக்கும் பார்க்க இடமிருக்க வேறெங்கே போகிறாய் என்பார். வட கரோலினாக்காரர் தங்கள் பாம்லிக்கோ உப்பங்கழியைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரிப்பார்.

எந்தக் கரை அழகு என்று ஆரம்பித்தால் இந்தப் பேச்சு முடியாது. நான் வேறு கணக்குப் போடுகிறேன். ஆழம் தேவைப்படாத படகு வாங்கியவர் அதற்கான விலையை ஏற்கெனவே கொடுத்திருக்கிறார். ஆழமான கீல் உள்ள படகு போல எதிர்காற்றில் அது ஏறிப் போகாது, பக்கவாட்டில் சறுக்கும். கீலைத் தூக்க வின்ச் என்ற சுற்றுபொறி, கம்பி, அச்சாணி என்று பழுதாகக்கூடிய சாமான்களும் கூடுதல். கொடுத்த விலை எந்தக் கரையில் திரும்பக் கிடைக்கும்?

அதற்கு அந்தந்த ஊர்க்காரர்களே ஒரு துப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மோட்டார் வருமுன் அங்கே பிழைப்பு நடத்தியவர்கள் எப்படிப்பட்ட படகு கட்டினார்கள் என்று பார்த்தால் போதும். செசபீக்கில் சிப்பி வாரியவர்கள் ஸ்கிப்ஜாக் வைத்திருந்தார்கள்: அகலமான உடம்பு, நடுவில் ஏற்றி இறக்கும் பலகை. மேரிலாந்து 1985-இல் அதை மாநிலப் படகாகவே அறிவித்தது. வட கரோலினாவுக்கு 1870-களில் கனெக்டிகட்டிலிருந்து ஷார்ப்பி என்ற தட்டையடிப் படகு வந்தது; உள்ளூர் மீனவர்கள் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். மெய்னில் சிங்கி இறால் பிடித்தவர்களின் ஃபிரெண்ட்ஷிப் ஸ்லூப்போ ஆழமான, கனமான அடிப்பாகம் கொண்டது. (நம்மூர் முத்துப்பேட்டைப் பக்கம் ஓடிய வத்தையும் தட்டையடிதான். பாக் நீரிணைச் சேற்றில் வேறென்ன ஓட்டுவது?)

தென்கோடியில் உள்ள ஃப்ளோரிடா கீஸ் தீவுகளை ஆரம்பத்திலேயே கழித்துவிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்தால் ஆழமில்லாத படகுக்கென்றே படைத்த இடம் போலத் தெரியும். ஃப்ளோரிடா விரிகுடாவில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த ஊரின் படகுக் காலம் குளிர்காலம். கோடையில் பிற்பகல்தோறும் இடி, வெந்நீர் போன்ற கடல், புயல் பயம். கடற்புல் படுகையில் மோட்டாரை விட்டுக் கீறிவிட்டால் அபராதமும் உண்டு. ஜனவரியில் போகலாம்.

மெய்னை அப்படிச் சுலபமாக ஒதுக்க முடியாது. கோடையில் உடம்புக்குச் சுகமான இடம் என்றால் அதுதான். ஜூலையிலும் ராத்திரி போர்வை வேண்டும். பெனாப்ஸ்காட் விரிகுடாவில் ஒரு தீவைவிட்டுக் கிளம்பும்போதே அடுத்த தீவு கண்ணில் படும். கருங்கல் கரை, அதன்மேல் ஸ்ப்ரூஸ் காடு, நடுவே மீனவர் கிராமம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டடிப் படகு வைத்திருப்பவருக்கு அங்கே தனிச் சலுகை ஒன்றும் கிடையாது. கரைக்கு மிக அருகிலேயே தண்ணீர் ஆழம். ஆறடி கீல் வைத்தவர் போகிற இடத்துக்குத்தான் நாமும் போவோம், அவரைவிட மெதுவாக.

நங்கூரக் கயிறு ஒன்றை மட்டும் கணக்குப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். தண்ணீரின் ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரத்தையும் கூட்டி, அதைப்போல ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது பழைய விதி. செசபீக் ஓடையில் ஐந்தடித் தண்ணீர், அணியம் மூன்றடி. 56 அடிக் கயிற்றில் நிம்மதியாகத் தூங்கலாம். மெய்னில் கடல் இறங்கும் வற்றத்தின்போது 25 அடி உள்ள துறை என்று வைத்துக்கொள்வோம். பெனாப்ஸ்காட் பக்கம் ஏற்றத்தில் இன்னும் பத்தடி ஏறும். அணியத்தையும் சேர்த்தால் 38. ஏழால் பெருக்கினால் 266 அடி. என் படகில் இருக்கும் கயிறு மொத்தமே 150 அடிதான். ஐந்து மடங்கு போதும் என்று சமாதானம் செய்துகொண்டாலும் 190 வேண்டும்.

அப்புறம் பனிமூட்டம். குளிர்ந்த கடல்மேல் ஈரமான தென்மேற்குக் காற்று வந்தால் சற்று நேரத்தில் அணியமே மங்கிவிடும். ஜூலையில் இது சாதாரணம். தண்ணீர் 15 டிகிரி அளவில் இருப்பதால் தவறி விழுந்தால் விளையாட்டு இல்லை. சிங்கி இறால் கூண்டுகளின் மிதவைகள் வண்ணவண்ணமாக எங்கும் கிடக்கும். தொங்கும் கீலும் சுக்கானும் அந்தக் கயிறுகளை இழுத்து மாட்டிக்கொள்ளும். தரைதட்டினால் அடியில் இருப்பது கருங்கல். நாங்கள் இருக்கும் வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து ட்ரெய்லரோடு போக இரண்டு நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெய்ன் பார்க்க ஆசையென்றால் அங்கேயே ஆழக் கீல் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பது மேல்.

செசபீக் கதை வேறு. கடல் மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன சஸ்குவெஹானா ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். கிளை ஆறுகளையும் ஓடைகளையும் சேர்த்தால் கரையின் நீளம் ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர். சராசரி ஆழம் 21 அடி என்பார்கள், ஆனால் சராசரியை நம்பிப் பயனில்லை. ஆறடி ஆள் தொப்பி நனையாமல் நடந்து போகக்கூடிய பரப்பு மட்டும் ஏழு லட்சம் ஏக்கருக்கு மேல். அந்த ஏழு லட்சம் ஏக்கர்தான் நம் சொத்து.

கேப்டன் ஜான் ஸ்மித் 1608-இல் இந்த விரிகுடாவைச் சுற்றி வரைபடம் போட்டது பெரிய கப்பலில் அல்ல. பாயும் துடுப்பும் வைத்த, ஆழம் வேண்டாத ஒரு திறந்த படகில். அதனால்தான் ஆறுகளுக்குள் அவ்வளவு தூரம் ஏற முடிந்தது. இன்றைக்கும் அதே நிலைமைதான். விரிகுடாவின் கிழக்குக் கரை ஓடைகளில் வாய்ப்பக்கம் ஐந்தாறு பெரிய படகுகள் நெருக்கியடித்து நங்கூரமிட்டிருக்கும். அவற்றைத் தாண்டி, கீலைப் பாதி தூக்கிக்கொண்டு, இரண்டு வளைவு உள்ளே போனால் கொக்கும் நாமும்தான். அடியில் கெட்டிச் சேறு. நங்கூரம் ஒருமுறை பிடித்தால் விடாது. காலையில் அதைத் தூக்கும்போது கறுப்புக் களியாக ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய தேங்காய் நாரும் அணியத்தில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்கப் படகெல்லாம் சேற்றுக் கால்தடம்.

ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. செயின்ட் மைக்கேல்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு, டில்மன் தீவு என்று எங்கே ஒதுங்கினாலும் ஐஸ், பெட்ரோல், குளிக்கத் தண்ணீர் கிடைக்கும். நம் படகில் இருப்பது கையால் தூக்கிப்போகும் சின்னக் கழிப்பறை. அதைக் காலி செய்யவே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஊர் வேண்டும் என்பதைக் குழந்தைகளோடு போகிறவர்கள் மறக்கக் கூடாது. ஸ்மித் தீவு போனால் மெல்லிய அடுக்குகளாக அடுக்கிய கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். 2008 முதல் அது மேரிலாந்தின் மாநில இனிப்பு. நீல நண்டை அவர்கள் ஓல்ட் பே மசாலா தூவி ஆவியில் வேகவைப்பார்கள். குறை சொல்ல மாட்டேன், ஆனாலும் மிளகு தட்டிப் போட்ட குழம்புக்கு அது ஈடாகாது.

சரி, குறை? ஜூலையும் ஆகஸ்டும்தான் குறை. பகலில் காற்றே இருக்காது. 33 டிகிரியெல்லாம் எங்களுக்கு ஒரு வெயிலா என்று சென்னைக்காரர் சொல்லலாம். மின்விசிறி இல்லாத கேபினில் கொசுவலைக்குள் ஒரு ராத்திரி படுத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். குதித்து நீந்தலாம் என்றால் சொறி என்று நம் மீனவர்கள் சொல்லும் ஜெல்லிமீன் கூட்டம், விரிகுடாவின் நடுப்பகுதி முழுக்க. பட்டால் சாட்டையடி போலத் தடித்துவிடும். இதற்கு ஒரு மாற்று உண்டு. இந்த ஜெல்லிமீனுக்கு ஓரளவு உப்பு வேண்டும். வடக்கே போகப்போகத் தண்ணீர் நன்னீராகிவிடுவதால் சஸாஃப்ரஸ் ஆறு போன்ற இடங்களில் கோடையிலும் பெரும்பாலும் பயமின்றி நீந்தலாம். பிற்பகலில் மேற்கிலிருந்து கருத்துக்கொண்டு வரும் இடிமழையும் பொல்லாதது. அரை மணிக்குள் அடித்து ஓய்ந்துவிடும், அந்த அரை மணியில் பாய் மேலே இருந்தால் படகு படுத்துவிடும். இருந்தாலும் மேற்கு வானம் கருப்பதைப் பார்த்ததுமே நுழைந்துகொள்ள ஒரு ஓடை அநேகமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். செசபீக்கின் பெரிய பலம் இதுதான் என்பேன்.

பாம்லிக்கோவில் அந்த வசதி இல்லை. அவுட்டர் பேங்க்ஸ் மணல் தீவுகள் கடலை வெளியே நிறுத்திவைக்க, உள்ளே 130 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் உப்பங்கழி அது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலேயே பெரியது. நடுவில் நின்றால் கரை தெரியாது, ஆனால் மிக ஆழமான இடமே 26 அடிதான். இவ்வளவு பரப்பில் இவ்வளவு மெல்லிய தண்ணீர் இருந்தால் என்ன ஆகும்? முதலில், அலை. கொஞ்சம் காற்று ஏறியதும் குட்டையான, செங்குத்தான அலை நெருக்கி நெருக்கி வரும். 22 அடிப் படகு ஒவ்வொன்றிலும் முட்டி நின்று கிளம்பும். அடுத்தது, முகத்துவாரங்களை விட்டு விலகினால் இங்கே ஏற்றவற்றம் என்பது அநேகமாக இல்லை. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துச் சாய்த்தது போல, தென்மேற்குக் காற்று இரண்டு நாள் நின்று அடித்தால் ஒரு மூலையில் தண்ணீர் ஏறும், எதிர்மூலையில் இறங்கும்.

இதனால் தரைதட்டுவதற்கே அர்த்தம் மாறிவிடுகிறது. மெய்னில் வற்றத்தில் மாட்டிக்கொண்டவரை ஆறு மணி நேரத்தில் ஏற்றம் வந்து தூக்கிவிடும், படகு உடையாமல் இருந்தால். பாம்லிக்கோவில் மாட்டினால் காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அது நாளையும் திரும்பலாம், வியாழக்கிழமையும் திரும்பலாம். இங்கேதான் தூக்கும் கீல் தன் விலையைத் திருப்பித் தருகிறது. ஆழம் தெரியாத இடத்தில் கீலை இரண்டரை, மூன்றடிக்கு இறக்கி வைத்துக்கொண்டே போக வேண்டும். மணல் தட்டுப்பட்டதும் கீல் பின்னால் மடிந்து கொடுக்கும். கம்பி தளர்ந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேபினுக்குள் கேட்கும். உடனே பாயைத் தளர்த்தி, வின்சைச் சுற்றிக் கீலை ஏற்றினால் படகு மிதக்கும். வந்த வழியே திரும்பிவிடலாம். ஆழமில்லாத இடம்தானே என்று முழுக்கத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவர்தான் மாட்டுவார், ஏனென்றால் தட்டியபின் தூக்குவதற்கு அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. சுக்கானையும் கவனியுங்கள். பல படகுகளில் தூக்கிய கீலைவிடச் சுக்கான் ஆழமாக நிற்கும். மடக்கும் சுக்கான் இல்லாவிட்டால் இரண்டடி என்று விற்றவர் சொன்ன கணக்கு பொய்க்கணக்கு.

இவ்வளவு தொல்லையையும் தாண்டி நான் பாம்லிக்கோவைச் சொல்வதற்குக் காரணம் காற்று. செசபீக் ஜூலையில் செத்துக் கிடக்கும்போது இங்கே தென்மேற்குக் காற்று பெரும்பாலும் நாள்தோறும் வரும். மதியத்துக்கு மேல் மணிக்கு 15, 20 கடல் மைல் வேகத்தையும் தொடும். பாய்மரப்படகு வாங்கிவிட்டுக் கோடை முழுக்க மோட்டாரில் போவதில் என்ன இருக்கிறது? ஓரியன்டல் என்ற சின்ன ஊரில் படகை இறக்கி, நூஸ் ஆற்றின் வாயில் ஒரு ராத்திரி தங்கி, விடிகாலையில் கிளம்பினால் காற்று பக்கவாட்டில் பிடிக்கும். பிற்பகலுக்குள் ஓக்ரகோக் தீவு. பாலம் கிடையாது, ஃபெரியிலோ படகிலோ சிறு விமானத்திலோதான் வர முடியும். 1823-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. கருந்தாடி (பிளாக்பியர்ட்) என்று பேர்போன கொள்ளைக்காரன் 1718 நவம்பரில் கொல்லப்பட்டது இந்தத் தீவை ஒட்டிய கால்வாயில்தான். அவனும் இந்த மணல்திட்டுகளை நம்பித்தான் இங்கே ஒளிந்திருந்தான். தீவின் ஒரு பக்கம் நங்கூரமிட்டு, மறுபக்கம் அட்லாண்டிக்கில் குளிக்கலாம்.

திரும்பி வருவதுதான் வேலை. நூஸ் ஆற்றில் ஏறும் கடைசிப் பகுதி நேர் எதிர்காற்று, அதோடு அந்தக் குட்டை அலை. தூக்கும் கீல் படகின் பலவீனமெல்லாம் அங்கே வெளியே வரும். அவசரப்படாமல் காலை ஆறிலிருந்து பத்துவரை மட்டும் ஏறி, மீதி நாளை ஒரு ஓடையில் கழிப்பவருக்குப் பிரச்சினை இல்லை. திங்கட்கிழமை அலுவலகம் என்று வருகிறவருக்குப் பாம்லிக்கோ ஆகாது.

அல்லது ஓக்ரகோக்கிலிருந்து தெற்கே கோர் சவுண்டுக்குள் இறங்கலாம். எதிரே போர்ட்ஸ்மத் கிராமம். கடைசி இரண்டு பேரும் 1971-இல் போய்விட்ட பிறகு வீடுகளும் தேவாலயமும் மட்டும் ஆளில்லாமல் நிற்கின்றன. கொசு மட்டும் குடியிருக்கிறது, கோடிக்கணக்கில். கோர் சவுண்டில் பெரிய பாய்மரப்படகை அதிகம் பார்க்க மாட்டீர்கள்; குறியிட்ட பாதையைவிட்டு விலகினால் முழங்கால் தண்ணீர். நமக்கோ அது ராஜபாட்டை. இடப்பக்கம் பாலமோ வீடோ இல்லாத மணல் தீவுகள், முடிவில் கேப் லுக்கவுட்டின் கறுப்பு வெள்ளைச் சாய்சதுரம் போட்ட கலங்கரை விளக்கம், 1859-இல் கட்டியது. அதைத் தாண்டி ஷேக்கிள்ஃபோர்டு தீவில் காட்டுக் குதிரைகள் தண்ணீரோரம் மேயும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே ராஜாவாக இருக்கும் இந்தப் படகைக் கடலுக்குத் திறக்கும் முகத்துவாரங்களில் விட ஆசைப்படாதீர்கள். இரண்டடித் தண்ணீர் போதும் என்பது அமைதியான தண்ணீருக்கான கணக்கு. திட்டின்மேல் அலை உடையும் இடத்தில் இரண்டு அலைக்கு நடுவே படகு தரையில் குத்தும். ஓக்ரகோக், ஹாட்டரஸ் முகத்துவாரங்களில் மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வரைபடத்தையும் நம்ப முடியாது.

படகு இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு வார்த்தை. பழைய கேட்டலினா 22-தான் என் தேர்வு. 1969-இலிருந்து ஏராளமாகக் கட்டியிருப்பதால் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும். கீல் 250 கிலோ இரும்பு. அதைத் தாங்கும் கம்பி வேகம் பிடித்தால் ரீங்காரமிடும், பழகிவிடும். வாங்குமுன் அந்தக் கம்பியையும் அச்சாணியையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். சீ பேர்ல் 21-க்கு ஆறு அங்குலத் தண்ணீர் போதும், ஆனால் திறந்த படகு. இருவர் கூடாரம் போட்டுத் தூங்கலாம், குடும்பத்துக்கு ஆகாது. ஜெமினி என்ற இரட்டையுடல் கட்டமரான் ஒன்றரை அடித் தண்ணீரில் வீடு போன்ற வசதி தரும். 14 அடி அகலம் என்பதால் ட்ரெய்லர் கனவை மறந்துவிட வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் விரும்பும் இரட்டைக் கீல், வற்றத்தில் சேற்றில் நிமிர்ந்து உட்காருவதற்கானது. வற்றமே இல்லாத பாம்லிக்கோவில் அது எதற்கு?

என் தீர்ப்பு இப்படி. பாய் சுருக்கத் தெரிந்த இருவர், அல்லது ஓரளவு வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்கள், ஜூன் பாதியில் ஓரியன்டலில் இறக்கி ஜூலை முடியப் பாம்லிக்கோவிலும் கோர் சவுண்டிலும் இருங்கள். ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு புயல்காலம் சூடுபிடிக்கும். 2019 செப்டம்பரில் டோரியன் புயல் ஓக்ரகோக்கில் ஏழடி அளவுக்குத் தண்ணீரை ஏற்றியது, அதுவும் கடல் பக்கமிருந்து இல்லை, இந்த உப்பங்கழிப் பக்கமிருந்து. முதல் கோடை என்றாலோ சின்னக் குழந்தைகள் இருந்தாலோ செசபீக்; ஜூனில் நடுப்பகுதியும் ஸ்மித் தீவும், ஜூலை பிறந்ததும் வடக்கே சஸாஃப்ரஸ் பக்கம்.

இரண்டையும் ஒரே கோடையில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் வழியாகத் தண்ணீரிலேயே வடக்கே ஏறலாம். 1805-இல் திறந்தது, 35 கிலோமீட்டர், படகை ஏற்றி இறக்கும் இரண்டு மதகு, தேநீர் நிறத்தில் தண்ணீர். ஆழக் கீல்காரர்கள் அடியில் கிடக்கும் மரக்கட்டைகளுக்குப் பயந்து போவார்கள், நமக்கு அந்தக் கவலை இல்லை. அப்படிப் போனால் காரும் ட்ரெய்லரும் ஓரியன்டலிலேயே நின்றுவிடும். யாராவது பஸ் பிடித்துப் போய் எடுத்துவர வேண்டும், அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.